ஒன்பதாம் மேசைச் சாப்பாடு

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.40. சிங்கப்பூரில் விடிகாலையில் பிடித்த மழை அப்போதும் விடவில்லை. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து, சிராங்கூன் சாலைக்குப் பின்தெருவில் இருக்கும் அந்தச் சைவ உணவகத்துக்கு நடப்பதற்குள் என் கால்சட்டை முழங்கால்வரை நனைந்துவிட்டது. பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம். கடை வாசல்களில் கரும்புக் கட்டுகளைச் சாய்த்து வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தார்கள்.

மகள்தான் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தியை வெளியில் சாப்பிடும்போதுதான் சொல்வது வழக்கம். மருமகனுக்கு வேலை போன செய்தி ஒரு பிரியாணிக் கடையில் வந்தது. என் மனைவியின் ஸ்கேன் முடிவை டோபி காட்டில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து கேட்டேன். நாலு பேர் சாப்பிடும் இடத்தில் யாரும் சத்தம் போட முடியாது, அழவும் முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே, "அப்பா, ஞாயித்துக்கிழமை வெளிய சாப்பிடலாமா?" என்று மகள் போனில் கேட்டபோதே ஏதோ கெட்ட செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் என்னவென்றும் தெரியும். பூன் லேயில் இருக்கும் என் நாலறை வீட்டை விற்றுவிட்டு, பொங்கோலில் அவர்களோடு வந்து இருக்க வேண்டும். என் மனைவி போன வருடம் தைப்பூசம் கழிந்த ஐந்தாம் நாள் இறந்தாள். அதிலிருந்து மகள் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாட்டேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த வீட்டின் சமையலறை அலமாரியில் மிளகாய்த் தூள் டப்பா எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்பதுவரை என் மனைவி வைத்துவிட்டுப் போன வரிசை அப்படியே இருக்கிறது. தனியாக என்னால் சமாளிக்க முடியும் என்று அன்றைக்குக் காட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் கார் அனுப்புகிறேன் என்று மருமகன் சொன்னதை மறுத்து, ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி, தேய்த்த சட்டையோடு போனேன்.

"டாக்சிலயாவது வந்திருக்கலாம்ல? நனஞ்சிட்டீங்க பாருங்க," என்றாள் மகள்.

"எம்ஆர்டி இருக்கறப்ப டாக்சி எதுக்கு?"

"விடு லா, மாமா நம்மளவிட ஃபிட்டு," என்று மருமகன் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குக் கவலை கூடியது. பல் பிடுங்கப் போகிறவர்தான் முதலில் சிரிப்பார்.

அவர்கள் இருவரும் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சுவர்ப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் அங்கே பரிமாறுகிறவரிடம் என்ன வேண்டும் என்று சொல்ல முடியாது. மேசைமேல் ஒட்டியிருக்கும் சதுரக் குறியைப் போனில் பிடித்து, போனிலேயே கேட்க வேண்டும். மருமகன் பிடித்தார். குறியோடு மேசை எண்ணும் அச்சாகியிருந்தது. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருடம் சரக்குக் கணக்குப் பார்த்தவன் நான். எங்கே உட்கார்ந்தாலும் எண் இருந்தால் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வேன். அன்றைக்கும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மேசை தள்ளி ஒரு குடும்பம் ஏழு வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. கேக் வெட்டிப் பாட்டுப் பாடினார்கள். பையன் தலையில் காகிதக் கிரீடம். சைவக் கடையில் இவ்வளவு கூச்சலா என்று நான் முணுமுணுத்தேன். உண்மையில் அந்தக் கூச்சல் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அது இருக்கும்வரை மகள் பேச்சைத் தொடங்கவில்லை.

பாட்டு முடிந்தது. "அப்பா," என்றாள். "போன மாசம் அடுப்ப அணைக்காம மார்க்கெட் போயிட்டீங்க."

"பால்தான் வச்சிருந்தேன். சிறு தீ."

"பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்ட்டி எனக்கு போன் பண்ணாங்க. கதவு வழியா புகை வந்துச்சாம்."

"அவங்க சம்பல் வதக்கினா எங்க வீட்டுக்குள்ளதான் புகை வருது. நான் யாருக்காவது போன் பண்ணேனா?"

மருமகன் மறுபடி சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. "கிண்டல் வேணாம்ப்பா. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு ஏஜென்ட்டுகிட்ட சும்மா பேசிப் பாத்தோம். நீங்க சரின்னா அடுத்த வாரம் வந்து பாப்பாரு."

"நான் சரின்னு சொல்லல."

"ஒரு தடவ அடுப்பு மறந்தது அவ்வளவுதான்னு நீங்களே சொல்லுங்க, விட்டுடறேன்."

"ஒரு தடவதான். ஒரே தடவ."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "சரி, பாக்கலாம்," என்று தோசையைப் பிய்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதை உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் ஒன்று செய்ய வேண்டும் என்றும் நினைத்தேன்.

எங்கள் தலைமுறையில் விருந்துக்குப் பணம் கட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. கை கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய்க் கல்லாவில் கட்டிவிட வேண்டும். திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவனாகச் சோம்பை மென்றுகொண்டு உட்கார வேண்டும். பிறகு எதிராளி எழுந்து போய், பணம் கட்டியாகிவிட்டது என்று கேட்டு, "என்னங்க இது அநியாயம்!" என்று கத்த வேண்டும். அந்தக் கத்தல்தான் விருந்தின் கடைசிப் பதார்த்தம். என் மனைவி இருந்தவரை, மருமகன் கத்தாத விருந்து கிடையாது. அவள் போன பிறகு, அவர்தான் எல்லா இடத்திலும் கட்டுகிறார், மேசையில் உட்கார்ந்தபடியே, போனில். யார் கட்டுகிறாரோ அவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர். மற்றவர் கூட்டி வரப்பட்டவர்.

எழுந்தேன். கை கழுவினேன். தொட்டியை ஒட்டித்தான் கல்லா.

"டேபிள் நம்பர் சார்?" என்றார் அங்கிருந்த பெண்.

"ஒன்பது."

"எண்பத்தொம்பது நாப்பது சார்."

என் மனக்கணக்கில் ஐம்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. அந்த வருடம் பிறந்ததும் ஜிஎஸ்டி ஏறியிருந்தது. ஆனால் ஒரு சதவீதத்தில் இவ்வளவு ஏறாது. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் மருமகன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவது தெரிந்தது. அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டி, மீதியை எண்ணாமல் பையில் போட்டேன். என் வாழ்நாளில் எண்ணாமல் வாங்கிய ஒரே மீதி அதுவாகத்தான் இருக்கும். மருமகன் தண்ணீர் எடுக்கத்தான் எழுந்திருந்தார்.

திரும்பி வந்து சோம்பை மென்றேன். மனம் லேசாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பிறந்தநாள் பையனின் அம்மா எங்கள் மேசைக்கு வந்தார். பின்னால் கிரீடத்தோடு பையன்.

"ஐயா, எங்க சாப்பாட்டுக்கு நீங்கதான் பணம் கட்டினீங்களாமே? கல்லாவுல சொன்னாங்க. உங்கள எங்களுக்கு அடையாளம் தெரியலையே. எங்க மாமனாரோட ஃபிரண்டா?"

மகள் என்னைப் பார்த்தாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. கல்லாவில் எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். தப்பாகக் கட்டிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அடுப்புப் பேச்சு முடிந்து அரைமணிகூட ஆகவில்லை. 'ஒரே தடவ' என்று சொன்ன வாய் அது.

"நான்தாம்மா கட்டினேன்," என்றேன். "இன்னிக்கு என் மனைவிக்குத் திதி. யாருக்காவது சாப்பாடு போடணும்னு தோணுச்சு."

அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. பையனின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"திதிச் சாப்பாடா ஐயா?"

"அன்னதானம் மாதிரி."

"புண்ணியம்தான் ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இவனுக்கு இன்னிக்குப் பொறந்தநாளு. அதான்..." கைப்பையைத் திறந்து நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன். பொய் சொன்னவன் அதற்கு ஏற்ற மாதிரி நடக்கவும் வேண்டுமே.

"குடுத்தத திரும்ப வாங்கக் கூடாதும்மா."

"அப்ப போற வழியில கோயில் உண்டியல்ல போட்டுடறோம். உங்க வீட்டம்மா பேரச் சொல்லியே போடறோம்."

"தேங்க்யூ அங்கிள்," என்றான் பையன். "சும்மா வாடா," என்று அவனை அதட்டி இழுத்துக்கொண்டு போனார். வாசலில் அவன் தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்றினார். மழைக்காகத்தான் கழற்றினார் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, தைப்பூசமே இன்னும் வரலையே."

நான் இன்னொரு சிட்டிகை சோம்பை எடுத்து வாயில் போட்டேன்.

"அம்மா போனது தைப்பூசத்துக்கு அப்புறம்ப்பா. அஞ்சாம் நாள்."

அது எனக்கா தெரியாது? மணியும் தெரியும், மருத்துவமனைப் படுக்கையின் எண்ணும் தெரியும். தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியும் என்றால், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாள். உன்னிடமிருந்து தப்பிக்க, செத்துப்போன உன் அம்மாவைப் பயன்படுத்தினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். மறந்துவிட்டவனைப் போலத் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு வாதாடவே இல்லை. அதுவரை சண்டைக்கு வந்த குரல் போய், வேறு குரல் வந்துவிட்டது. என் காப்பியை எடுத்து ஆற்றி, குடிக்கும் சூடு பார்த்து என் முன்னால் வைத்தாள். அந்த டம்ளரைப் பார்த்ததும் வீடு கைவிட்டுப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. மருமகன் கல்லாவுக்குப் போய்வந்து, "நம்ம டேபிள் ஆறு மாமா. ஒண்ணும் இல்ல, கட்டிட்டேன்," என்றார். அநியாயம் என்று அவர் கத்தவில்லை.

புதன்கிழமை மழை இல்லை. யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் அங்கே போய், சுவர்ப் பக்கம் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தச் சதுர ஒட்டுத்தாள் நடைபாதைப் பக்கம் இருப்பவர் படிக்கும்படி ஒட்டப்பட்டிருந்தது. ஆறுதான். ஆனால் அடியில் கோடு கிடையாது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் சுத்தமான ஒன்பது. எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து பார்த்தேன், திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தேன். என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஒன்பது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

போனில் அதைப் படம் எடுத்தேன். மகளுக்கு அனுப்ப அவள் பெயரையும் தொட்டுவிட்டேன். எண்ணைத் தப்பாகப் படிக்கவில்லை என்பதற்கு இது சாட்சி. திதிக்கு என்ன சாட்சி? ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டும். அம்மா இறந்த நாளை மறந்துவிட்ட அப்பா என்றால், அவளுக்கு என்மேல் இரக்கமாவது இருக்கும். அந்த நாளைத் தெரிந்துகொண்டே பொய்க்கு எடுத்து நீட்டிய அப்பாவை என்ன செய்வாள்? படத்தை அழித்தேன்.

மறுநாள் ஏஜென்ட் வந்தார். அறைகளை அளந்தார். அவரோடு வந்த மகள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். நான் எதற்கும் சரி என்றேன்.

புதன்கிழமை ஒரு சாதாத் தோசையும் ஒரு காப்பியும் ஏழு வெள்ளி தொண்ணூற்றைந்து காசு. ஒன்பதாம் மேசையின் எண்பத்தொன்பது வெள்ளி நாற்பது காசோடு சேர்த்து, ரயில் கட்டணமும் வீடும் நீங்கலாக, எனக்கு ஆன செலவு தொண்ணூற்றேழு வெள்ளி முப்பத்தைந்து காசு.