கிரகணத்தன்று தின்ற வாழைப்பழம்

ஆட்கள் பார்க்க நான் வாழைப்பழம் தின்பதில்லை. பந்தியில் இலையில் வைத்தால் ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவேன். ஏன் என்று என் மருமகள் ஒருநாள் கேட்டாள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நெய்வேலியில் அப்போதுதான் குவார்ட்டர்ஸ் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சுரங்கம் என்று பெயரே தவிர, நிலக்கரி இன்னும் கண்ணில் படவில்லை. மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். சோற்றில், தலையணையில், கொடியில் காயும் துணியில் எல்லாம் செம்மண். என் வீட்டுக்காரருக்கு சர்வே பிரிவில் வேலை. அந்தச் சித்திரையில் எனக்கு ஏழாம் மாதம்.

அவருக்கு வானத்தைப் பார்க்கிற பைத்தியம் உண்டு. கூட இரண்டு பேர். ஒருவர் ஸ்டோரில் வேலை பார்த்தவர், சொந்தமாகப் பெட்டிக் கேமரா வைத்திருந்தார். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர். எதைப் பற்றியும் பிரசங்கம் செய்வார். பேசிக்கொண்டே மூக்குப்பொடி போடுவார், அந்த விரலை எங்கள் சுவரில் துடைப்பார். நான் தினமும் அந்த இடத்தை ஈரத்துணியால் தேய்ப்பேன்.

சித்திரையில் காலை வேளையில் சூரிய கிரகணம், ஆனால் முழுசாக மறைக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது. அதிலிருந்து மூன்று பேரும் என் அடுப்படிக்குக் குடிவந்துவிட்டார்கள். சூரியனைப் பார்ப்பதற்காகச் சிம்னி விளக்கின் மேல் கண்ணாடித் துண்டுகளைப் பிடித்துக் கரி ஏற்றினார்கள். மண்ணெண்ணெய்ப் புகை எனக்குக் குமட்டியது. ரசச் சட்டியில் கரி மிதந்தது. அதையும் குடித்துவிட்டு, ரசம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார்.

“சூரியன மட்டும் படம் புடிச்சி இன்னா பண்றது? இந்த பிளாக்குல புள்ளத்தாச்சி பொம்பளைங்க எல்லாம் கதவ சாத்திகினு உக்காந்திருக்கும். நம்ம தங்கச்சி வெளிய வந்து நிக்கட்டும். கையில ஒரு வாழப்பழம், தின்னுகினே நிக்கணும். அத நம்ம பகுத்தறிவு மன்றத்துல மாட்டுவோம். கொழந்த பொறந்ததும் அதையும் ஒரு படம் எடுத்துப் பக்கத்துல மாட்டுவோம். அப்பறம் எவன் பேசுவான்?”

“அது கூச்சப்படும் அண்ணே” என்றார் என் வீட்டுக்காரர்.

“சயின்சுக்கு இன்னாப்பா கூச்சம்?”

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “ஒரு நிமிசந்தான். நின்னுட்டு உள்ள போயிடேன்.”

எனக்குக் கிரகணத்தின் மேல் பயம் கிடையாது. என் அம்மா கூலிக்குக் களை எடுத்தவள். கிரகணம் என்று அவளை யாரும் வீட்டில் இருக்கச் சொன்னதில்லை. என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் நின்ற வெயிலில் எத்தனை கிரகணம் போயிற்றோ. என் பயமெல்லாம் ஆட்களின் கண்கள்தான். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு, குழாயடியில் எல்லோரும் போன பிறகுதான் நான் குடத்தை எடுப்பேன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “எனக்கும் அந்தக் கண்ணாடியில பாக்கத் தருவீங்களா?” என்று மட்டும் கேட்டேன். தாராளமாக என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று காலையில் எங்கள் வாசலில் ஒரே கூட்டம். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சைக்கிளோடு நின்றுவிட்டார்கள். கேமராவின் முன்னால் கரிக்கண்ணாடியைக் கட்டி ஏழு படம் சூரியனை எடுத்தார்கள். ஃபிலிமில் கடைசிப் படம் எனக்கு என்று வைத்திருந்தார்கள்.

வெயிலில் நின்றேன். கண் கூசியது. “மொகம் சுளிக்குதுங்க. அந்தக் கீத்துச் சார்ப்பு ஓரமா நிக்கச் சொல்லுங்க” என்றார் கேமராக்காரர். நகர்ந்தேன். “நல்லா ஒருக்களிச்சு நில்லு தங்கச்சி, வயிறு தெரியணும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இடுப்பு மடிப்பில் செருகியிருந்த சாவி குலுங்க வந்து, பழத்தை அவரே உரித்துக் கொடுத்தார், அந்தப் பொடி விரலாலேயே. பழத்தின் மேல் பழுப்பாக ஒட்டியிருந்தது.

“எங்களுக்குப் பழம் இல்லீங்களா சார்?” என்று சைக்கிள்காரன் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் பார்த்தேன். கீற்று இடுக்கு வழியாக என் புடவையில் விழுந்த வெயில் பொட்டுகள் ஒன்றுகூட வட்டமாக இல்லை. வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி எல்லாம் பிறை பிறையாக வயிற்றின் மேல் விழுந்திருந்தன.

“இங்க பாருங்களேன்...” என்றேன்.

“அசையாதீங்கம்மா! கடிங்க!”

கடித்தேன். படம் எடுத்தார். உடனே எல்லோரும் வானத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் கொல்லைச் சுவரோரம் ஓடி வாந்தி எடுத்தேன்.

பக்கத்து வீட்டுச் சாத்திய ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “அக்கா, விட்டுடுச்சாக்கா?”

பிரசங்கக்காரரின் மனைவி. அவளுக்கு ஐந்து மாதம்.

“இன்னும் விடல. நீ ஏன் உள்ள இருக்க?”

“அவரு வெளிய பூட்டிகினு போயிட்டாருக்கா. விடற வரைக்கும் தண்ணிகூட குடிக்கக் கூடாதுன்னாரு.”

வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் சைக்கிள்காரர்களுக்கு மூடநம்பிக்கையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் அந்தச் சாவி. கரிக்கண்ணாடி என் கைக்கு வந்தபோது பத்துப் பேர் கட்டைவிரல் பட்டுக் கரி அழிந்து போயிருந்தது. கிரகணமும் விட்டிருந்தது.

படங்கள் கழுவி வந்தன. சூரியனை எடுத்த ஏழும் வெறும் கறுப்பு. என் படம் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது, புடவையில் அந்தப் பிறைகளோடு. “ஃபிலிம்ல கறை விழுந்துடுச்சு, டச் பண்ணிடலாங்க” என்றார் கேமராக்காரர். எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷை நாக்கில் தொட்டுத் தொட்டு, மையால் ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொரு பிறையும் அன்றைக்கு மறைந்த சூரியன்தான்; அவர்களுக்குக் கிடைத்த கிரகணம் அது ஒன்றுதான். நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. வாழைப்பழம் கடிக்கிற ஒரு வயிற்றுக்காரியை மன்றத்தில் மாட்டினார்கள்.

ஆனியில் பையன் பிறந்தான். பதினோராம் நாள் மூன்று பேரும் கேமராவோடு வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து கை விரல், கால் விரல் எல்லாம் எண்ணினார். பிறகு அந்தப் பொடி விரலைக் குழந்தையின் மேலுதட்டுக்குக் கொண்டுபோனார், பிளவு இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்க.

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். “கைய எடுங்க.”

“ஒண்ணும் இல்ல தங்கச்சி, சும்மா பாக்கறதுக்கு...”

“உங்க வூட்ல பூட்டுப் போட்டு வெச்சிருந்தீங்களே, அங்க ஒண்ணு பொறக்குமில்ல? அதப் படம் எடுத்து மாட்டுங்க.”

கேமராக்காரர் அவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னால் பேசியதில்லை. பையன் அழ ஆரம்பித்தான். துணியைப் போர்த்தி உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

மன்றத்தில் என் படத்துக்குப் பக்கத்தில் அடித்த ஆணியில் கடைசிவரை எதுவும் மாட்டவில்லையாம். நான் போய்ப் பார்த்ததில்லை. அந்தப் பூட்டிய வீட்டுக்காரிதான் சொன்னாள்.