கிரேக்கர் கோயிலில் அசிசியார்

தெரேஸுக்குப் புனிதர் அசிசி பிரான்சிஸ் என்றால் உயிர். புதுச்சேரியில் பிறந்து, பாரிஸில் வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பேட்டையில் தனியாக இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு நூலகமே கதி என்று கிடந்தார். அந்தச் செய்தியும் அங்கேதான் கண்ணில் பட்டது.

இஸ்தான்புல்லில் ஒரு பழைய மசூதி. ஒருகாலத்தில் அது கிறிஸ்தவக் கோயில். அங்கே பல ஆண்டுகளுக்கு முன் பழைய அடைப்புச் சுவர் ஒன்றை அகற்றியபோது, பின்னால் அசிசியாரின் ஓவியம் இருந்ததாம். பிச்சை ஏற்று வாழும் அவருடைய துறவிகள் கத்தோலிக்கரை விட்டுப் பிரிந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் அன்றைய தலைநகரமான அந்த ஊரிலேயே மடம் வைத்திருந்தார்கள் என்பது தெரேஸுக்குப் புதிது. பூரித்துப் போனார்.

அசிசியார் திருநாளில் தமிழ் ஜெபக்கூட்டத்தில் அதைப் பற்றியே பேசினார். துறவிகள் கடல் கடந்தது, கிரேக்கக் குருக்களோடு பூசை அப்பத்துக்குப் புளிப்பு சேர்க்கலாமா என்று வாதாடியது எல்லாம் சொன்னார். ஓவியத்தைத் திரையில் காட்டியபோது கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

கேள்வி கேட்டது புனிதவதி. யாழ்ப்பாணத்துக்காரர், தெரேஸின் வீட்டுக்குக் கீழே சேலைக்கடை வைத்திருப்பவர். இந்துதான் என்றாலும், தோழி கூப்பிட்டாரே என்று வந்திருந்தார்.

"அக்கா, அந்தக் கோயில் அதுக்கு முன்னம் ஆருடையது?"

தெரேஸுக்கு அது தெரியும். கத்தோலிக்கச் சிலுவைப் போர்வீரர்கள் நகரத்தைச் சூறையாடிப் பிடித்தார்கள். கிரேக்கரிடம் பறித்த கோயிலில்தான் துறவிகள் குடியேறினார்கள். திருநாளில் அந்தப் பேச்சு எதற்கு என்று விட்டிருந்தார்.

"கிரேக்கர்களோடது, புனிதா. நம்ம ஆளுங்க வாளால புடிச்சாங்க. சாமியாருங்க அப்புறம் போய் உட்கார்ந்தாங்க."

"பேந்து கிரேக்கர் திரும்பி வந்தவையோ?"

"வந்தாங்க. சாமியாருங்க கெளம்ப வேண்டியதாப் போச்சு. படத்தச் சுவர் வச்சு மூடினது அப்பதான்னு சொல்றாங்க."

புனிதவதி சற்று யோசித்தார். "மூடினவை. இடிக்கேல்லை. எங்கடை நல்லூர்க் கந்தன் கோயிலைப் போர்த்துக்கீசப் பறங்கியள் அடியோடை இடிச்சுப் போட்டவை."

கூட்டத்தை நடத்தும் தியரி அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தார். வெளியே வரும்போது, நல்ல நாளில் இதெல்லாம் தேவையா என்று தெரேஸிடம் முகம் சுளித்தார்.

முதலில் தெரேஸுக்குப் புனிதவதிமேல்தான் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அடங்கிவிட்டது. கேட்டதில் என்ன தப்பு? தெரிந்தும் சொல்லாமல் விட்டது யார்? மறுநாள் கடைக்குப் போய், அந்த இடத்தை நேரில் பார்க்கப் போவதாகச் சொன்னார். நானும் வாறன் என்றார் புனிதவதி. கடையைக் கணவர் மகேந்திரராசா பார்த்துக்கொண்டார்.

இளவேனிலில் இருவரும் இஸ்தான்புல் போனார்கள். செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு மசூதிக்குள் நுழைந்தால், ஓவியம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் நாளாகிவிட்டது என்று தெரேஸுக்குத் தெரியும். ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து, அசிசியாருக்காக அல்லாமல், கோயிலைப் பறிகொடுத்தவர்களுக்காக ஜெபித்தார். புனிதவதி பக்கத்தில் கம்பளத்தில் கால் நீட்டி அமர்ந்திருந்தார்.

அடுத்த திருநாளுக்குத் தியரி தெரேஸைக் கூப்பிடவில்லை. அவர் தம் பேட்டை நூலகத்தில் அனுமதி வாங்கி, பிரெஞ்சில் பேசினார். நகரம் சூறையாடப்பட்டதிலிருந்தே தொடங்கினார். பாதி நாற்காலிகள் காலி. முடிந்ததும் ஒரு கிரேக்கக் கிழவர் எழுந்து, அந்தக் கோயிலில் குடியேறிய துறவிகளின் பெயர்கள் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் தெரேஸ். இப்போது இருவரும் சேர்ந்து அந்தப் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.