ஐந்து புள்ளிக்கு ஒரு வில்லன்

பழைய நாவலைப் பரீட்சைக்காகச் சொல்லிக்கொடுப்பது, பசியில்லாத பிள்ளைக்குச் சோறூட்டுகிற வேலை. தமிழ் இலக்கியம் எடுக்கும் சகாக்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மலையூரான பிரிஞ்சாங்கில் எனக்கு மூன்றே மாணவர்கள். நாவல் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கதை. கங்காணியை அடித்துவிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து மலையிறங்கி ஓடும் வேலன் நாயகன். ஆட்களை விரட்டும் கங்காணி வில்லன். கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கும் தோட்டத் துரை, குறையுள்ள நாயகன். நான் சொல்லவில்லை, மேலிடத்து விடைக்குறிப்பு சொல்கிறது. மாற்றி எழுதினால் அந்தக் கேள்விக்கான ஐந்து புள்ளியும் போச்சு.

நாயகன் ஓடிப்போனார்

மூவரில் ஒருவனான சுரேனின் அம்மா பக்கத்துத் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் கட்டி லோரியில் ஏற்றுகிறவர். வேலனின் வீரத்தை நான் முழங்கிக்கொண்டிருந்தபோது அவன் கையைத் தூக்கினான்.

"பொண்டாட்டி புள்ளைய லயத்துல வுட்டுட்டு ஓடுனவன்தான் ஹீரோவா, டீச்சர்? எங்கப்பாவும் அப்படித்தான் போனாரு. அவர யாரும் ஹீரோன்னு சொல்லலையே லா."

வில்லன் கையெழுத்துப் போட வந்தார்

அடுத்த வாரம் இன்னொரு மாணவி கவிதாவின் அப்பா வந்தார். ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் கங்காணி. மழையங்கியைக்கூடக் கழற்றாமல் மகளின் கட்டுரைப் புத்தகத்தை என் மேசைமேல் விரித்தார். கங்காணி கொடியவன் என்பதற்கு ஐந்து காரணங்கள், கீழே நான் போட்ட 'மிக நன்று'. அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சினார்.

"நானும் காலையில ஆள வெரட்டுறவன்தான், டீச்சர். வெரட்டலன்னா மேனேஜர் என்னைய வெரட்டுவாரு. இதுல பெற்றோர் கையெழுத்து வேற கேக்குறீங்க, எங்க போடட்டும்?"

புதிய வில்லன்

அப்பாவின் முகம் கவிதாவைச் சுட்டிருக்க வேண்டும். மாதிரித் தேர்வில் கங்காணியை விட்டுவிட்டு, இரண்டே பக்கம் வரும் தோட்டத்து எழுத்தரான கிராணியை வில்லனாக்கியிருந்தாள். மண்சரிவில் செத்த தொழிலாளியை, துரை சொன்னபடி 'ஓடிப்போனான்' என்று பதிவேட்டில் எழுதுகிறவர் அவர். உண்மை தெரிந்தே எழுதினாரே, அவரைவிட யார் வில்லன் என்று கேட்டிருந்தாள். இத்தனை வருடத்தில் நான் படித்த நல்ல பதில் அதுதான். விடைக்குறிப்பிலோ கிராணி வெறும் துணைப்பாத்திரம். சுழியம் போட்டேன்.

அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசை, ஒவ்வொரு புள்ளியும் வேண்டும். தனியே கூப்பிட்டு, "உன் பதில் சரிதாம்மா. ஆனா பரீட்சையில கங்காணின்னே எழுதிடு" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"கிராணிக்கும் உண்மை தெரியும்தானே, டீச்சர்? மேல சொன்னதத்தானே எழுதுனாரு."

அடுத்த தேர்வில் அவள் அப்பாவை மறுபடியும் வில்லனாக்கி ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். ஆசிரியையாக வர இனி அவளிடம் ஒரு குறையும் இல்லை.