ஒரு சாண் மாமா

குழந்தைகள் வார்டில் ஒரு கட்டில் காலியானால் போதும், மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துவிடுவார். பெரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெளியில் தொங்கும். தரை துடைக்கும் அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். இவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தலையணையிலிருந்து பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று பார்ப்பார். இன்று தெரிந்தது ஒரு குழல்விளக்கும் சொட்டுமருந்து பாட்டிலும்தான். “இதையே பாத்துட்டு கெடந்தா நானும்தான் எந்திரிக்க மாட்டேன்” என்றார், விளக்கைப் பார்த்து.

படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளை விளையாட்டுக் காட்டி நடமாட வைப்பது அவர் வேலை. வார்டில் அவருக்குப் பெயர் ஒரு சாண் மாமா. எந்தப் பொம்மையும் பிள்ளையின் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. இருந்தால் போகிற போக்கில் “இன்னும் ஒரு சாண்” என்று தள்ளி வைத்துவிடுவார். இதற்காக அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டுத் தட்டையும் அப்படித் தள்ளி வைத்தால் கொஞ்சம் இளைப்பீர்களே என்பது நர்சுகளின் நெடுநாள் கிண்டல்.

அவருடைய மூலதனம் ஓர் அட்டைப்பெட்டி. கண் வரைந்து, வாய்க்கு ஓட்டை போட்டது. பெயர் பசிக்காரன். சுருட்டிய காலுறைகள்தான் தீனி. முதலில் கட்டில் மேலேயே இருப்பான், படுத்தபடி ஊட்டலாம். பிறகு கால்மாட்டுக்குப் போவான். எழுந்து உட்கார்ந்தால்தான் எறிய முடியும். அப்புறம் தரைக்கு இறங்கிவிடுவான். குறி தப்பினால் நேரில் வந்துதான் ஊட்ட வேண்டும்.

பக்கத்துக் கட்டில் சிறுமிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டத் தொடங்கிவிட்டது. இன்று எழுந்து நடக்காவிட்டால் தீவிர சிகிச்சைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அவளோ வயிற்றைப் பொத்திக்கொண்டு, யார் கிட்டே வந்தாலும் வீலென்று கத்தினாள். அம்மா நகரவே இல்லை. தண்ணீர், சீப்பு, பொம்மை எல்லாம் மகளின் கைப்பக்கம் அடுக்கியிருந்தாள்.

பசிக்காரன் வந்ததும் அழுகை கொஞ்சம் நின்றது. ஒரு காலுறை உள்ளே போனது. கால்மாட்டுக்குத் தள்ளியதும், முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தாள். தரைக்கு இறக்கியதும் குறி தப்பியது. அம்மா ஓடிப்போய்க் காலுறையை எடுத்துப் பெட்டிக்குள் திணித்தாள். அவர் அதை வெளியே எடுத்து, மறுபடி சிறுமியின் கையில் கொடுத்தார்.

“உங்க புள்ள வயித்துல தையல் இருந்தா இப்படித்தான் பண்ணுவீங்களா சார்?”

வார்டே திரும்பிப் பார்த்தது. போன மாதம் இவர் விளையாட்டில் ஒரு பையன் வழுக்கி விழுந்து மோவாய் கிழிந்தது எல்லோருக்கும் தெரியும்.

“எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு” என்றார். “சிஸ்டர் பின்னாடியே நிப்பாங்க. நாம முன்னாடி கை நீட்டினா, விழப்போறோம்னு பாப்பா முடிவே பண்ணிடும்.”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். பிள்ளையின் கால் தரையைத் தொடும் நேரத்தில் அவர் கை சும்மா இருக்காது. அதனால் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார். பெட்டியைக் கால் கட்டைவிரலால்தான் தள்ளுவார்.

காலுறையைப் பிடித்தபடி சிறுமி மெல்லச் சறுக்கி இறங்கினாள். நர்ஸ் ஒரு கையில் சொட்டுமருந்து பாட்டில் தொங்கும் கம்பியோடு அவள் முதுகை ஒட்டி நின்றாள். முழங்கால் வெடவெடத்தது. அம்மாவின் கைகள் தாமாகவே நீண்டன. அதைப் பார்த்ததும் சிறுமியின் உதடு பிதுங்கியது. கட்டில் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவர் தன் கைகளின் மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்தார். கழுத்தில் வியர்வை இறங்கியது.

அம்மா, நீட்டியிருந்த தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டையும் தொடைக்கு அடியில் செருகி அழுத்திக்கொண்டாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

சிறுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓர் எட்டு வைத்தாள். இருமல் வந்தது, சளியோடு. சளி வெளியே வருவது நல்லதுதான் என்று நர்ஸ் தலையை ஆட்டினாள். இன்னோர் எட்டு. பசிக்காரனின் வாய் கிட்டத்தில் வந்துவிட்டது, காலுறையை நீட்டினாள்.

அம்மா கையை எடுக்கவில்லை. காலை நீட்டி, கட்டைவிரலால் பெட்டியை ஒரு சாண் தள்ளினாள்.