சரிங்கக்காவின் பத்தியங்கள்

தரையைக் கூட்டும்போது அவள் குனிந்து குனிந்து தேடுகிறாள். வெட்டி விழுந்த முடியெல்லாம் நாற்காலியைச் சுற்றிக் கலந்து கிடக்கிறது. நேர்முடி, சாயம் பூசிய முடி, நரைமுடி. அவற்றுக்கு நடுவே நீளமாக, சுருண்டு, வேரோடு கிடப்பது எது என்று அவளுக்குத் தெரியும். அது யாரும் வெட்டாமல் தானாக விழுந்தது, அவளுடையது. எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நேற்றைவிட இன்று அதிகமோ என்று முகம் சுருங்கும். வாசலில் நிழல் தட்டினால் சட்டென்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்று சிரிப்பாள்.

கடை ஓர் அறைதான். ஒரு பக்கம் சாவி செய்பவர், மறுபக்கம் கைப்பேசி பழுது பார்க்கிற கடை. பெண்களுக்கு மட்டும் என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கிறது. யோசித்து யோசித்து ஒரு பெயர் வைத்துப் பலகையும் மாட்டினாள். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. தெருவுக்கே அது சரிங்கக்கா கடை, அவளும் சரிங்கக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட, "சரிங்கக்கா இருக்காளா?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் எதைச் சொன்னாலும் "சரிங்கக்கா" என்பாள். இந்த வருஷம் மழையே கிடையாது என்றாலும் சரிங்கக்கா. அடுத்து வந்தவர் ஊரே மிதக்கப் போகிறது என்றாலும் சரிங்கக்கா. மருமகள் ஒரு ராட்சசி என்று மாமியார் சொல்லிவிட்டுப் போன அதே இருக்கையில் மறுவாரம் மருமகள் வந்து உட்கார்ந்து கதையைத் தலைகீழாகச் சொல்வாள். அவளுக்கும் அதே பதில்தான். கேட்டால் அவளிடம் ஒரு நியாயம் இருக்கிறது. "கத்தரியக் கையில வெச்சுக்கிட்டு பின்னால நிக்கறேன். நான் எதிர்த்துப் பேசினா உக்காந்திருக்கிறவங்களுக்குக் கழுத்து கூசாதா?"

போன வருஷத்திலிருந்து அவளுக்கு உடம்பு சரியில்லை. இங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்ட ஓரிடம் கிடையாது. தூங்கி எழுந்தால் தூங்காதது போலவே இருக்கிறது. தலை கழுவிவிடக் குனிந்தால் நிமிர மனசு வருவதில்லை. எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது, வெயிலிலும் குளிருகிறது. மாதவிலக்கு சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. வந்தால் போக மறுக்கிறது. ரத்தம் பரிசோதித்த மருத்துவர், தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது, மற்ற ஹார்மோன்களும் அதோடு சேர்ந்து தடுமாறுகின்றன, இரும்புச்சத்தும் குறைவு என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "காலையில வெறும் வயித்துல போடுங்க. வேளைக்குச் சாப்பிடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான். நெற்றியில் விழுகிற நாலு முடியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுகிறவர்களோடு பழகிப்போனவள் அவள். உடம்பு முழுவதையும் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்ட மனிதரை அவளால் எப்படி நம்ப முடியும்?

அவளுக்குப் பயமெல்லாம் ஒன்றுதான். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை இது. ஒருநாள் நிற்க முடியாமல் போய்விட்டால்? யாரோ ஒருத்தியின் காதோரம் கத்தரி போய்க்கொண்டிருக்கும்போது கை ஆடிவிட்டால்? கடையைச் சாத்திவிட்டு வீட்டில் சுருண்டு கிடக்கிற தன்னை அவள் அடிக்கடி மனக்கண்ணில் பார்க்கிறாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வங்கிக்காரம்மாவிடம், "கொஞ்சம் அசதியா இருக்குங்கக்கா" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். வங்கியில் பெரிய பொறுப்பில் இருப்பவர் அவர். மாதம் தவறாமல் வருவார், தன் அலுவலகத்துப் பெண்கள் பாதிப் பேரையும் இங்கேதான் அனுப்புவார்.

"சோறுதாம்மா உனக்கு எதிரி. ரொட்டியையும் தொடாத. நான் விட்டேன், என்னைப் பாரு, குதிரை மாதிரி இருக்கேன்!"

"சரிங்கக்கா."

அடுத்து யோகா சொல்லிக் கொடுக்கிற பெண் வந்தாள். பால், தயிர், நெய் மூன்றும்தான் ஹார்மோனைக் கெடுப்பது என்றாள். "எழுந்ததும் முதல் வேலையா ஒரு டம்ளர் சோயாப் பால் குடிங்க. அப்புறம் பாருங்க மாற்றத்தை." சரிங்கக்கா. நூலகத்தில் வேலை பார்க்கிற ஒல்லியான பெண், மதியம் வரை வயிற்றில் எதையும் போடக் கூடாது, உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள விட வேண்டும் என்றாள். அதற்கும் சரிங்கக்கா. காலையில் சோயாப் பால் குடிக்கவும் வேண்டும், எதுவும் உண்ணவும் கூடாது என்றால் என்ன செய்வது? இரண்டு நாள் குழம்பிவிட்டு, பால் குடிப்பதில் சேர்த்தி, உண்பதில் சேராது என்று தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டிருப்பாள். இவளுக்கு அது முடியாது. அடுத்த மாதம் அவர்கள் திரும்ப வருவார்கள். வந்து கண்ணாடிக்குள்ளிருந்து இவள் கண்ணைப் பார்த்து, "விட்டியா?" என்று கேட்பார்கள். நேருக்கு நேர் நின்று பொய் சொல்லிவிடலாம். கண்ணாடியில் சொன்னால் பொய் சொல்கிற தன் மூஞ்சியும் சேர்ந்து தெரிகிறது. அதனால் வாய் ஒப்புக்கொண்டதையெல்லாம் வயிறு செய்தது.

அவள் தட்டிலிருந்து எல்லோரும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் எதையும் திருப்பி வைக்கவில்லை. சமையலறை அலமாரியில் பூசணி விதை, சூரியகாந்தி விதை, ஆளி விதை என்று பாட்டில்கள்தான் மிஞ்சின. "அம்மா, இது சமையலறையா, பறவைக் கூண்டா?" என்று கல்லூரிக்குப் போகிற மகள் கேட்டாள். மகளைத் திட்டிவிட்டு அவள் ஒரு கரண்டி விதையை மென்றாள். ஒருநாள் காலையில் உடம்பு கொஞ்சம் லேசாக இருந்தது. பாலை விட்டதாலா, சோற்றை விட்டதாலா, முந்தின நாள் கடைக்கு விடுமுறை என்பதாலா? யோசித்து யோசித்து மத்தியானத்துக்குள் மறுபடி களைத்துப்போனாள்.

கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே பேசுவார்.

"லிப்ட் நின்னுபோச்சுன்னா நான் ஒரு வயரைக் கழட்டி, மாட்டி, ஓட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்த வயரைத் தொடுவேன். நீ எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு ஏன் ஓடலன்னு உக்காந்திருக்க."

"அவங்கல்லாம் அனுபவப்பட்டுச் சொல்றாங்க."

"அவங்கவங்களுக்கு ஒரு அனுபவம் போதுமா இருக்கு. உனக்கு மட்டும் ஊர்ல உள்ள அத்தனை பேர் அனுபவமும் எதுக்கு?"

அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பு இல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த முன்முடி விவகாரம் நடந்தது இதற்குப் பிறகுதான். வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று ஒரு பெண் வந்தாள். நெற்றியில் விழுவதைக் கொஞ்சம் குறைத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. மதியம் ஆகவில்லை, வயிற்றில் சோயாப் பாலைத் தவிர ஒன்றுமில்லை. இடப்பக்கம் வெட்டினாள். வலப்பக்கத்தை அதற்குச் சமமாக்கினாள். வலது சற்று ஏறிவிட்டது போலிருந்தது, இடதைத் தொட்டாள். கடைசியாக எந்தப் பக்கம் வெட்டினோம் என்பது அப்படியே மறந்துபோயிற்று. மறுபடி வலது. மறுபடி இடது. கண்ணில் பூச்சி பறந்தது. கை நின்றபோது முன்முடி நெற்றிக்குப் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள் போல அந்தப் பெண் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"பரவால்லக்கா," என்றாள் அந்தப் பெண். "முடிதானே, வளந்துடும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பெண் கதவைத் தாண்டியதும் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். இன்றைக்கு முடி. நாளைக்குக் காது என்றால்? கணவருக்குப் போன் செய்தாள். அவர் பாதி வேலையில் கிளம்பி வந்து அவளை மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

மருத்துவர் மறுபடி ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார், முடிவைப் பார்த்துவிட்டுப் புருவத்தை நெரித்தார். மாத்திரை ஆரம்பித்த பிறகும் தைராய்டு அளவு நகரவே இல்லை.

"இப்ப என்ன சாப்பிடறீங்க?"

"அரிசி இல்லீங்க டாக்டர். கோதுமை இல்ல. பால், தயிர் இல்ல. காலையில ஒண்ணும் இல்ல..."

"இல்லாததக் கேக்கலம்மா. இருக்கறதச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "விதை, டாக்டர்," என்றார் பக்கத்திலிருந்த கணவர்.

"மாத்திரையை எதோட போடறீங்க?"

"சோயாப் பாலோட."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதல் முறையாக நீளமாகப் பேசினார். மாத்திரையைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். சோயா அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். விழுங்கி ஒரு மணி நேரம் போனதும் சாப்பிட்டுவிட வேண்டும். "எதையும் விலக்கணும்னு உங்க பரிசோதனையில வரல. மாத்திரை செய்ய வேண்டியத எந்தப் பத்தியமும் செய்யாது. அதுக்கு மேல இந்தப் பட்டினி வேற. காலையில முட்டை, மதியம் சோறு, பருப்பு, கீரை, ராத்திரி ரொட்டி, காய். எளிமையா இருக்கட்டும். அடுத்த பரிசோதனை வரைக்கும் எதையும் சேக்காதீங்க, எதையும் கழிக்காதீங்க."

"சரிங்க டாக்டர்."

"சரின்னு சொல்லிட்டான்னா செஞ்சிடுவா டாக்டர்," என்றார் கணவர். "அவகிட்ட எனக்கு இருக்கற பயமே அதுதான். வெளிய போனதும் வேற யாராவது எதாவது சொல்லுவாங்க."

மாத்திரை தண்ணீரோடு ஒழுங்காக உள்ளே போனது. காலை முட்டையும் போனது. மதியச் சாப்பாடுதான் சிக்கல். கடையில் வைத்துச் சாப்பிட வேண்டும். சோறு அவள் எதிரி என்று சொன்னவர்கள் வந்து போகிற கடை. கழுவு தொட்டிக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு திருட்டுத்தனமாகச் சாப்பிட்டாள். கதவு மணி அடித்தால் வாயிலிருப்பதை அப்படியே விழுங்கிக்கொண்டு ஓடி வந்தாள். அடுத்தடுத்து ஆள் வருகிற நாளில் டப்பாவைத் திறக்கவே நேரமில்லை. இருங்கள் என்று சொல்ல அவளுக்கு வராது. சோறு ஆறிக் காய்ந்து சாயங்காலம் வரை கிடந்தது. போதாக்குறைக்கு உள்ளூர ஒரு சந்தேகமும் அரித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் சொன்னது தப்பாக இருந்தால்? வங்கிக்காரம்மா உண்மையிலேயே குதிரை மாதிரிதானே இருக்கிறார்?

அந்த வங்கிக்காரம்மாவே போன வாரம் நடுமத்தியானத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். இவள் இன்னும் சாப்பிடவில்லை. அவருடைய வலப்பக்க முடியை வெட்டி முடித்தாள். இடப்பக்கம் கிளிப்பு மாட்டி மேலே நின்றது.

"இப்பப் பழத்தையும் விட்டுட்டேம்மா. அத்தனையும் சர்க்கரை. நீயும் விட்டுடு, என்ன?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டிக், டிக் என்று கத்தரியின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அவள் உரச வைக்கவில்லை. கை தானாக ஆடியது. ஒரு விரல் தூரத்தில் வங்கிக்காரம்மாவின் காது, கம்மலோடு.

கத்தரியை மூடிக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கக்கா."

அந்தக் கடையில் அதுவரை யாரும் கேட்டிராத வாக்கியம் அது. கையைக் கழுவிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் போகக் கால் வரவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே சீப்புகளுக்கும் தெளிப்பான்களுக்கும் நடுவில் இடம் ஒதுக்கித் திறந்தாள். சோறு, பருப்பு, கீரை, இரண்டாகப் பிளந்த முட்டை. நின்றபடியே முதல் பிடியை வாயில் போட்டாள்.

கண்ணாடிக்குள் வங்கிக்காரம்மாவின் கண்கள் விரிந்தன. "அரிசியா அது?"

அவள் மென்றாள். இவர் எழுந்து போனால் கூடவே எத்தனை பேர் போவார்கள் என்று மனசு ஓடியது. ஆனாலும் விழுங்கினாள்.

"ஏம்மா, நான் அவ்வளவு எடுத்துச் சொல்லியும் சோத்தைத் திங்கறியே! உனக்கே உன் உடம்புமேல அக்கறை இல்லன்னா..."

இருவர் முகமும் அந்த ஒரே கண்ணாடியில் இருந்தன. ஒன்று பேசிக்கொண்டே இருந்தது. அவள் அடுத்த பிடியை உருட்டிக்கொண்டே இடது காலை நீட்டினாள். நாற்காலியின் அடித்தட்டைப் பாதத்தால் மெல்லத் தள்ளினாள். நாற்காலி சத்தமில்லாமல் திரும்பியது. பாதி வெட்டிய தலையோடு வங்கிக்காரம்மா சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் முட்டையை எடுத்தாள்.