மூணாவது இழுப்பு

பேய், ஆவின்னு யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிடுற ஆளு நான். முப்பது வருஷம் கப்பல் இன்ஜினோட குடும்பம் நடத்துனவன், கண்ணால பாத்து கையால தொட்டாத்தான் எதையும் ஒத்துக்குவேன். ஆனா இது என் கையிலேயே நடந்தது. நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டாலும் சரி, கேட்டுட்டுச் சிரிச்சாலும் சரி, சொல்லிடுறேன்.

எழுபதுகள்ல நடந்தது. தூத்துக்குடியில முத்துக்குளி நின்னு போய் சங்குக்குளி மட்டும் ஓடிட்டு இருந்த காலம். என் அக்கா வீட்டுக்காரர் மிக்கேல் அத்தான் நல்ல குளியாளி, இடுப்புல கயிறோட, ஆழத்துக்கு இழுக்குற கல்லை மிதிச்சு இறங்கினா ரெண்டு கையிலயும் சங்கோடதான் வருவாரு. மேல வள்ளத்துல கயிறு பிடிக்கிறது நான். எங்க ஆளுங்க அந்தக் கயிறைக் கண்டவன் கையில குடுக்க மாட்டாங்க, பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையிலதான் குடுப்பாங்க. தன் அக்கா தாலி அறுபட எவனும் விடமாட்டான்ல, அந்தக் கணக்கு. கீழ இருந்து ஒரு இழுப்பு வந்தா உடனே தூக்கணும். அவ்வளவுதான் வேலை, ஆனா அதுல ஒரு உசுரு இருக்கு. எங்க அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

எனக்கு ரஷ்யாவுல கப்பல் இன்ஜினியரிங் படிக்க ஸ்காலர்ஷிப் கிடைச்சுது. ஆறு வருஷப் படிப்பு. அத்தான்கிட்ட ஆறு மாசம்னு சொன்னேன். உண்மையைச் சொன்னா "போ"ன்னுதான் சொல்லியிருப்பாரு, ஆனா அவர் முகத்தைப் பாத்துட்டு என்னால போயிருக்க முடியாது. "குளி சீசன் வாரதுக்குள்ள வந்துருவல்லா மாப்ள?"ன்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டாரு. வந்துருவேன் அத்தான்னேன். அந்தப் பொய்யை இன்னும் முழுங்க முடியலை.

ஒடெஸான்னு கருங்கடல் ஓரத்து ஊர், அப்ப அது சோவியத் ரஷ்யாவோட இருந்துச்சு. ஆரம்பத்துல பட்ட பாடு இருக்கே, கறுப்பு ரொட்டி தொண்டையில இறங்காது, குளிரு எலும்புல ஏறும். அம்மா கட்டிக் குடுத்த நெத்திலிக் கருவாட்டை ஒருநாள் ஹாஸ்டல் அடுப்புல வறுத்தேன், அந்த மாடியே காலியாயிடுச்சு, ரெண்டு வாரம் எவனும் என்கூடச் சாப்பிட உக்காரலை. மொத வருஷம் முழுக்க ரஷ்ய பாஷை வகுப்பு. லுத்மிலான்னு ஒரு டீச்சர், நல்ல மனுஷி, ஆனா நாம ஒரு வார்த்தையைத் தப்பாச் சொன்னா "யிஷோ ராஸ்"ம்பாங்க. இன்னொரு தடவைன்னு அர்த்தம். நான் வாயைத் தொறந்தாலே வகுப்பு சிரிக்கும், அவங்க யிஷோ ராஸ்ம்பாங்க. கனவுல கூட அந்தச் சத்தம்தான். இதுல வீட்டுக்கு லெட்டர் போடுறதையே குறைச்சுட்டேன். என்னன்னு எழுத? சீசன் தொடங்கிடுச்சு, கூலிக்கு ஒருத்தன் அத்தானுக்குக் கயிறு பிடிக்கான்னு அக்கா எழுதியிருந்தா.

பிப்ரவரி மாசம், காலையில வகுப்பு, நம்ம ஊர்ல உச்சி வேளை. என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னாங்க. ரெண்டாவது வரியிலயே நாக்கு குழறுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, டீச்சர் யிஷோ ராஸ்னாங்க, அப்பத்தான் என் வலது உள்ளங்கையில ஒரு இழுப்பு. வள்ளத்துல நிக்கும்போது வருமே, அதே இழுப்பு. குளிருல நரம்பு சுண்டுதுன்னு நெனைச்சேன். மறுபடியும் ஒண்ணு, இந்தத் தடவை கையிலிருந்த புத்தகமே கீழ விழுந்துச்சு. மறுபடியும் சிரிப்பு. எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, சத்தியமா அது என்னன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா அத்தனை பேர் முன்னாடி வெறுங்காத்தை ரெண்டு கையாலயும் இழுத்துட்டு நின்னா பைத்தியம்னு ஊருக்கு அனுப்பிடுவாங்களேன்னு ஒரு வெக்கம். கையைக் கோட்டுப் பாக்கெட்டுல விட்டு இறுக்கி மூடிக்கிட்டேன். யிஷோ ராஸ்னாங்க. புத்தகத்தை எடுத்து அந்த வரியைத் திருத்தமா வாசிச்சு முடிச்சேன்.

மூணாவது இழுப்பு ரொம்ப லேசா வந்துச்சு. அதுக்கு மேல என்னால முடியலை, வெளிய ஓடி வராந்தா ஜன்னல்கிட்ட நின்னு இழுக்க ஆரம்பிச்சேன், கை மாத்திக் கை மாத்தி. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை, ஆனா கனம் இருந்துச்சு, அத்தானோட கனம் எனக்குத் தெரியாதா. ரெண்டு கையை விரிச்சா ஒரு பாகம், அப்படிப் பத்துப் பன்னெண்டு பாகம் இழுத்திருப்பேன், சடக்குன்னு லேசாயிடுச்சு. பாத்தா ரெண்டு உள்ளங்கையும் தோலுரிஞ்சு ரத்தம், உப்புத் தண்ணி பட்ட மாதிரி எரிச்சல். டீச்சர் வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தாங்க. கிட்ட வந்து கைக்குட்டையைக் குடுத்தாங்க.

மூணு வாரம் கழிச்சு அக்கா லெட்டர். கயிறு பிடிக்கிறவன் பலகையில கயிறைச் சுத்திட்டுப் பின்னால போய்த் தண்ணி இறைச்சுட்டு இருந்திருக்கான். கீழ அத்தான் காலு பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு. அவன் திரும்பிப் பாக்கும்போது கயிறு தானா மேல ஏறி வந்துச்சுன்னு மாதா மேல சத்தியம் பண்ணுதானாம். உசுரு இருக்கு, ஆனா மூச்சு நின்ன நேரம் அதிகம், இடது பக்கம் விளங்கலைன்னு எழுதியிருந்தா. என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம்.

ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் லீவுல ஊருக்கு வந்தேன். அத்தான் கடற்கரை ரோட்டுல பீடி சிகரெட்டுக் கடை போட்டு உக்காந்திருந்தாரு. நடந்ததை நான் யாருக்கும் எழுதலை, அக்காவுக்குக் கூட. அவர் என் வலது கையைப் பிடிச்சுத் திருப்பித் தழும்பைத் தடவிப் பாத்தாரு.

"மூணு தடவை இழுத்தேன் மாப்ள. மூணாவதுக்குத்தான் தூக்குன. மொத ரெண்டுக்கும் எங்கலே போன?"

"தூங்கிட்டேன் அத்தான்"னேன். அங்கயும் பொய்தான் வந்துச்சு.

கோணின வாயால சிரிச்சாரு. "தூக்கமா? கயித்து வழியா எல்லாம் கேட்டுச்சே. ஒரு பொம்பளை பேசுதா, கூட்டமாச் சிரிக்காவ. யிஷோ ராஸ், யிஷோ ராஸ்னு அவ சொல்லுதா. அப்படின்னா என்னலே?"

பத்தாவது கூடத் தாண்டாத மனுஷன், ரஷ்ய பாஷையில ஒரு வார்த்தை கூட அவருக்குத் தெரியாது. நான் தெரியாது அத்தான்னுட்டேன். சாகுற வரைக்கும் என்னைப் பாக்கும்போதெல்லாம் கேப்பாரு, நானும் தெரியாதுன்னே சொல்லிட்டு வந்தேன்.

வலது கையை நான் இப்பவும் பாக்கெட்டுக்குள்ள விடுறதில்லை.