திவான் பங்களாவின் பச்சைத் திரை

போன வாரம் கரமனையில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா சாமாவய்யர் எங்கள் தெருக்காரர். நிச்சயதார்த்தத்துக்கு எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார்!

"உக்காரணும்" என்று சாமாவய்யர் கும்பிட்டார்.

"ஸாரமில்லை, ஸாரமில்லை" என்று, பரவாயில்லை என்கிற பாவனையில் சொன்னார் சம்பந்தி. ஆனால் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி நின்றார்.

சம்பந்தி உட்காராமல் லக்ன பத்திரிகையை எப்படி வாசிப்பது? சாமாவய்யர் என்னைத் தூண் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். ஆள் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"கோச்சுண்டுட்டார், ஓய்! மரியாதையிலே என்ன கொறை வச்சேன்னு ஒண்ணும் மனசிலாகலை. கல்யாணம் முறிஞ்சா எம் பொண்ணு கதி என்ன?"

சம்பந்தி எதைத்தான் அப்படிப் பார்க்கிறார் என்று திரும்பினேன். கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் ஒரு பச்சை வெல்வெட் திரை... ஜரிகைக் குஞ்சம் வைத்தது. திவான் பங்களாவில் கழித்துவிட்ட திரை! சம்பந்தி அங்கே ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். அவர் மனம் குளிரட்டுமே என்று, சாமாவய்யர் ஆரியசாலைப் பழைய சாமான் கடைகளில் தேடிப்பிடித்து வாங்கி மாட்டியிருந்தார்.

அந்தப் பங்களாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ராஜ்யத்தையே நடத்துகிறவர் குடியிருக்கும் வீடு. ஆதியில் அதுவும் ஓட்டுக் கூரை, தேக்கு மச்சு, நடுவில் முற்றம் என்று நம் ஊர் வீடாகத்தான் இருந்ததாம். பிறகு வந்த ஒவ்வொரு திவானும் தம் ருசியைக் காட்டினார். ஒருவர் முகப்பில் போர்ட்டிகோ கட்டி, உருண்டைத் தூண்களை நிறுத்தினார். இன்னொருவர் முற்றத்தை மூடி ஹால் ஆக்கினார். சரவிளக்கு, ஆளுயரக் கண்ணாடி, இந்த வெல்வெட் திரை எல்லாம் அவர் கைங்கரியம். கம்பளமும் போட்டார் — நம் ஊர் மழையில் அது பூசணம் பூத்தது தனிக் கதை. அடுத்தவர் காலத்தில் கயிறு இழுக்கும் பங்கா போய் மின்சார விசிறி வந்தது. அவருக்கு வெளிச்சம் வேண்டுமாம். வெல்வெட் இறங்கியது, மெல்லிய வெள்ளைத் துணி ஏறியது.

இறங்கிய சாமான் எங்கே போகும்? நேரே ஆரியசாலைக்குத்தான். அந்தச் சரவிளக்கை நானே ஒரு ஜவுளிக்கடையில் பார்த்திருக்கிறேன். பங்களாவின் சரித்திரம் எழுத நினைப்பவர்கள் ஊரைச் சுற்றி வந்தாலே போதும்.

இங்கேயோ, சம்பந்தி இன்னும் நிற்கிறார்... பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்து வந்தாள். கணவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"கோபமாவது ஒண்ணாவது! ஃபைலைக் கையிலே வச்சுண்டு வருஷக்கணக்கா இந்தத் திரைக்கு முன்னாடிதானே நின்னார்? உள்ளேர்ந்து விளி வர்ற வரைக்கும் உக்காரப்படாது. இதைக் கண்டா இவருக்குக் கால் மடங்காது, கேட்டேளா!"

பிறகு கணவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ஏன்னா, உள்ளே திவான் இல்லை. பரிசாரகர் பஜ்ஜி போட்டுண்டிருக்கார். உக்காருங்கோ."

எண்ணெய் வாசனை அவர் மூக்குக்கும் எட்டியிருக்க வேண்டும். அசட்டுச் சிரிப்புடன் மெல்ல உட்கார்ந்தார். லக்ன பத்திரிகை வாசித்தாயிற்று. தாம்பூலம் மாற்றியாயிற்று. சாமாவய்யர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது பார்த்துத் திரை விலகியது. பரிசாரகர் தலையை நீட்டினார்.

"பெரியவருக்குக் காப்பியிலே சக்கரை உண்டோ?"

சம்பந்தி விருட்டென்று எழுந்தார். "எஸ் ஸார்!"

முதலில் சிரித்தவர் அவரேதான்.

மனிதரை ரிடையர் செய்துவிடலாம்... முழங்காலுக்கு யார் உத்தரவு அனுப்புவது?